முப்பத்திரண்டு தட்டு

மலாயாவில் மூவார் பட்டணத்தில் நாற்காலிகளுக்கு மெருகு பூசிக்கொண்டிருந்த தங்கராஜுவுக்கு, முப்பத்தாறாம் வருஷத் தீபாவளிக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரிய மானக்கேடு ஒன்று நேர்ந்தது. பெற்ற தகப்பனே அவனைப் பார்த்து, "நீ கைய மட்டுந்தான ஆட்டுற, சத்தம் ஒண்ணும் வரலையே" என்று கேட்டுவிட்டார். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருந்தாலும் போகட்டும். பதினெட்டாங்கட்டை ரப்பர்த் தோட்டத்திலிருந்து லோரி ஏறி வந்த இருபத்தொரு பேருக்கு நடுவில், பூங்கா வாசலில் வைத்துக் கேட்டார். கச்சாங் பூத்தே விற்றுக்கொண்டிருந்தவர் கடலை அளப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

அவர் கேட்டதில் பொய்யும் இல்லை. அதுதான் தங்கராஜுவுக்கு ஆறவே இல்லை.

விஷயம் இதுதான். ஆற்றங்கரைப் பூங்காவில் ஞாயிறுதோறும் மாலை நாலரை மணிக்கு ஜாஸ் பேண்டு நடக்கும். என்சே சூலோங் என்ற மலாய்க்காரர் தலைவர், வயலின் வாசிப்பார். டிரம்பெட் ஊத ஒரு பிலிப்பைன்காரர், டிரம் தட்ட ஒரு சீனர், அக்கார்டியனுக்குச் சூலோங்கின் மைத்துனர். கடைசி நாற்காலியில் கித்தாரோடு தங்கராஜு. டிரம்பெட்டை ஊதினால் ஆற்றுக்கு அக்கரையில் வலை கட்டுகிறவன் தலையைத் தூக்கிப் பார்ப்பான். டிரம்மைத் தட்டினால் மேடைப் பலகை எகிறும். இந்த இரண்டுக்கும் பின்னால் உட்கார்ந்து ஒருவன் ஆறு கம்பிகளைத் தட்டினால் அது யார் காதில் விழும்? விழாவிட்டாலும் தட்டத்தான் வேண்டும். ஒரு சுற்றுக்கு நாலு தட்டு. சக், சக், சக், சக் என்று பாட்டு முழுக்க. அந்தச் சத்தம் நின்றுபோனால் ஆடுகிறவர்களுக்குக் கால் பின்னிக்கொள்ளும், பாடுகிறவருக்குச் சுருதி நழுவும். இருக்கிறவரைக்கும் யாருக்கும் தெரியாது. இதைப் போய் இருபத்தொரு பேருக்குப் பூங்கா வாசலில் நின்றுகொண்டு எப்படி விளங்க வைப்பது? தங்கராஜு முயன்று பார்த்தான். தோட்டத்தில் ஆட்களை மேய்க்கிற மண்டோரின் பெண்சாதி முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப அது ஊமை வாத்தியமா?" என்றாள். அன்றிலிருந்து தோட்டத்தில் அவன் வாசிப்பதற்கு அதுதான் பெயர்.

அந்தக் கித்தார் அவனிடம் வந்து சேர்ந்ததே ஒரு கூத்து. பதினேழு வயதில் தோட்டத்தை விட்டு வந்து, ஒரு சீனத் தவுக்கேயிடம், அதாவது முதலாளியிடம், நாற்காலிப் பட்டறையில் உப்புத்தாள் தேய்க்கச் சேர்ந்தான். ஒரு நாள் ஒரு கப்பல்காரன் கழுத்து முறிந்த கித்தாரைக் கொண்டுவந்து போட்டு, ஒட்டி வையுங்கள், ஒரு வாரத்தில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை. விறகுக்கும் ஆகாது என்று தவுக்கே அதை உதைத்துத் தள்ளினார். தங்கராஜு அதை எடுத்து வச்சிரம் காய்ச்சி ஒட்டி, நாலு கோட்டு மெருகு போட்டு, கம்பி கட்டினான். பட்டறைக்கு எதிரே இருந்த கோப்பிக்கடையில் கிராமபோன் இருந்தது. அதில் ஓர் அமெரிக்காக்காரி பாடினாள். அவள் ஒரு வரி பாடி மூச்சு வாங்குகிற இடத்தில் ஒரு கித்தார் திடீரென்று உள்ளே புகுந்து, ஏதோ குறும்பாகச் சொல்லிவிட்டு, அவள் மறுபடி வாயைத் திறப்பதற்குள் வெளியே ஓடியது. நடுவில் ஓர் இடத்தில் அவள் வாயை மூடிக்கொள்ள, கித்தார் மட்டும் தனியாகப் பேசியது. அதைக் கேட்ட அன்று தங்கராஜு நாற்காலிக் காலுக்குப் பூச வேண்டிய மெருகைத் தன் முழங்காலுக்குப் பூசிக்கொண்டிருந்தான். தவுக்கே வந்து கத்திய பிறகுதான் தெரிந்தது.

மூன்று வருஷம் அந்தக் கிராமபோன் பிளேட்டையே கேட்டுக் கேட்டு விரலில் ஏற்றினான். அந்தக் குறும்பெல்லாம் அவனுக்கும் வந்தது. வந்து என்ன? பேண்டில் சேர்த்துக்கொண்ட சூலோங் அவனைக் கடைசி நாற்காலியில் உட்கார வைத்து, சக் சக் மட்டும் போதும் என்று சொல்லிவிட்டார்.

அப்பா காளியப்பன் மகனைப் பழித்து அப்படிக் கேட்கவில்லை. பயந்துபோய்க் கேட்டார். அவர் பால் வெட்டுக்காரர். விடியலில் ஆள்கணக்கு எடுக்கிற பெரட்டுக்கு நின்று, முந்நூற்றைம்பது மரம் வெட்டி, வாளி சுமந்து வருகிறவர். கை அசைந்தால் மரத்தில் மாட்டிய மங்கில் பால் விழும். விழவில்லை என்றால் கணக்கெழுதுகிற கிராணி கேட்பார். இருபத்தெட்டு வருஷமாக அவருக்குத் தெரிந்த கணக்கு அது ஒன்றுதான். மகன் கையும் சும்மா இல்லை, ஓயாமல் அசைந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் ஒன்றும் விழக் காணோமே. மகனை ஓரமாக இழுத்து வைத்துக்கொண்டு சொன்னார்.

"மத்தவங்க ஊதுற சத்தத்துல நீ ஒளிஞ்சிக்கிட்டுச் சம்பளம் வாங்குறடா. நாளைக்கு அந்த என்சே கண்டுபுடிச்சா மூஞ்சிய எங்க வச்சிக்குவ? பொங்கல் கழிஞ்சு மொத ஞாயித்துக்கெழம வருவேன். உன் சத்தம் என் காதுல விழுந்தா இரு. இல்லன்னா அத அங்கயே வச்சிட்டு லோரியில ஏறு. தோட்டத்துப் புகைவீட்டுல ஆளு கேக்குறாங்க."

தங்கராஜுவுக்கு அப்பாவை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. சரிப்பா என்றான். லோரி போன பிறகு நேரே சூலோங்கிடம் ஓடினான்.

சூலோங் நல்ல மனுஷன், ஆனால் ஆடுகிறவர்களின் காலையே பார்த்துக்கொண்டிருக்கிற மனுஷன். கித்தார் தனியாக வாசித்தால் பாதிக் கால்கள் நின்றுவிடும், நின்ற கால் மறுபடி கிளம்பாது என்பது அவர் கட்சி. தங்கராஜு விடவில்லை. வயலின் பெட்டியைத் தூக்கினான், அவர் நாற்காலிக்கு ஓசியில் மெருகு பூசினான், வீட்டு அலமாரிக்கும் பூசினான். கடைசியில் அவர் இறங்கி வந்தார். எட்டுச் சுற்று, அதாவது முப்பத்திரண்டு தட்டு. முப்பத்து மூன்றாவது தட்டில் என் வயலின் உள்ளே வரும், நீ வெளியே போய்விட வேண்டும் என்றார். அதுவும் புதிதாக வந்திருக்கிற பாட்டுக்காரம்மா பாடும் பாட்டில்தான். அதில் மட்டுந்தான் டிரம்பெட் கிடையாது, அந்த எட்டுச் சுற்றுக்கு மற்ற வாத்தியங்களும் நின்றுவிடும்.

அந்தப் பாட்டுக்காரம்மாதான் சந்திரமதி. நாடகக் கம்பெனியோடு கப்பலேறி வந்தவள். கம்பெனி பக்கத்து ஊரான பத்து பகாட்டில் சண்டை போட்டுக் கலைந்ததும் மற்றவர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள். இவள் மூவாரிலேயே தங்கிவிட்டாள். வயது முப்பத்தைந்து இருக்கும். மைக் இல்லாத காலத்தில் கொட்டகையின் கடைசித் தரை டிக்கெட்டுக்கும் கேட்கும்படி பாடிப் பழகிய தொண்டை. பேசினாலே பக்கத்துத் தெருவில் பதில் சொல்வார்கள். அவளுடைய பழைய நாடகப் பாட்டு ஒன்றை எடுத்து, அடியில் ஃபாக்ஸ்டிராட் தாளத்தைப் போட்டுக் கொடுத்தார் சூலோங். செருப்பைத் தொலைத்துவிட்டு வீடு வந்து சேர்ந்த புருஷனைப் பெண்டாட்டி விசாரிக்கிற பாட்டு.

"செருப்பு எங்கே மச்சானே, சிரிச்சு மழுப்ப வேணாமே" என்று அவள் இடுப்பில் கை வைத்து ஆரம்பித்தால், தமிழ் தெரியாத சீனக் கிழவர்கள்கூடத் தங்கள் காலைக் குனிந்து பார்த்துக்கொள்வார்கள்.

இரண்டாவது அடி முடிந்ததும் தங்கராஜுவின் முப்பத்திரண்டு தட்டு. மார்கழி பிறப்பதற்கு முந்தின ஞாயிறு முதல் தடவையாக வாசித்துப் பார்த்தான். அவன் ராத்தூக்கம் இல்லாமல் யோசித்து வைத்திருந்த சமாசாரங்கள் அத்தனையும் இருந்தன. மேல் கம்பியில் ஒரு சறுக்கல், பிறகு ஒரு குழைவு, அப்புறம் தடதடவென்று ஓர் இறக்கம். தலைகால் புரியாமல் வாசித்தான். நிமிர்ந்து பார்த்தால் சந்திரமதியைக் காணோம்.

அவள் மேடை ஓரத்தில் சோடா குடித்துக்கொண்டிருந்தாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. நாடகத்தில் அதுதான் வழக்கம். பாட்டுக்காரி பாடி நிறுத்துவாள், ஆர்மோனியக்காரர் வாங்கி வாசிப்பார், அவர் வாசிக்கிற நேரம் பாட்டுக்காரிக்குச் சோடா நேரம். சபைக்கும் அந்தப் பழக்கம் உண்டு. பாடுகிறவள் உள்ளே போனால் பாட்டு முடிந்தது என்று எடுத்துக்கொண்டு, பேச வேண்டியதைப் பேசி, மெல்ல வேண்டியதை வாங்கி வந்துவிடுவார்கள். அன்றைக்குப் பெஞ்சில் இருந்த தமிழர்கள் பாதிப் பேர் எழுந்து கடலை வாங்கப் போய்விட்டார்கள். மீதிப் பேர் சத்தமாக ஊர்க்கதை பேசினார்கள். தங்கராஜுவின் கித்தார் அவர்கள் பேச்சுக்கு அடியில் எங்கேயோ கிடந்தது.

போதாக்குறைக்கு இன்னொரு கோளாறு. சக் சக்கை விட்டுவிட்டு அவன் மேல் கம்பிக்கு ஓடிய மாத்திரத்தில் பாட்டுக்கு அடியில் ஒன்றும் இல்லாமல் போயிற்று. சந்திரமதி சோடாவை வைத்துவிட்டு வந்து மூன்றாவது அடியை எடுத்தபோது, எங்கே எடுப்பது என்று பிடி கிடைக்காமல் அரை சுரம் தள்ளி எடுத்துவிட்டாள். இருபது வருஷத்தில் அவளுக்கு நேராத அவமானம். பாட்டு முடிந்ததும் வந்து நின்றாள்.

"தம்பி, நீ எங்க வேணாலும் போ. ஆனா நான் நிக்கிற தரையையும் சுருட்டிக்கிட்டுப் போவாத" என்றாள்.

தரை விஷயத்தை அவன் சரி செய்துகொண்டான். கட்டை விரல் கீழ்க் கம்பிகளில் சக் சக்கைப் பார்த்துக்கொள்ள வேண்டும், மற்ற விரல்கள் மேலே போய் ஆட வேண்டும். எழுதினால் ஒரு வரிதான். நாலு வாரம் ஆனது அவனுக்கு. சாப்பாட்டுத் தட்டில் கட்டை விரல் ஒரு தாளம், சுண்டு விரல் ஒரு தாளம். நாற்காலிக் கையில் வைத்து அதையே தட்டிக்கொண்டிருப்பான். பையனுக்கு வலிப்பு ஏதாவது இருக்குமோ என்று தவுக்கேயின் மனைவி அவனுக்கு இரண்டு நாள் இஞ்சிக் கஞ்சி கொடுத்தாள். பிறகு ஒரு நாள், எப்படி என்று அவனுக்கே தெரியவில்லை, கட்டை விரல் தன் பாட்டுக்கு நடக்க ஆரம்பித்தது. அன்றைக்கு அவன் பட்டறையில் ஒரு நாற்காலியைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினான் என்று சொல்வார்கள். ஆடியிருப்பான்.

சோடாவைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. பொங்கலுக்கு முந்தின நாள் சந்திரமதியிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினான். அப்பா வருகிறார், என் சத்தம் அவர் காதில் விழாவிட்டால் நான் லோரியில் ஏற வேண்டும், நீங்கள் உள்ளே போனால் சபை எழுந்துவிடும், அந்த முப்பத்திரண்டு தட்டு மட்டும் மேடையிலேயே நில்லுங்கள் என்று கெஞ்சினான்.

அவள் முடியாது என்றாள். பாவம் பார்க்காமல் சொல்லவில்லை. பதினாலு வயதில் திருவாரூர்ப் பக்கம் ஒரு கொட்டகையில் அவளுக்கு வரி மறந்துபோயிற்று. ஆர்மோனியக்காரர் சமாளித்து வாசித்துக்கொண்டே இருந்தார், அவள் வாயைத் திறக்காமல் நடுமேடையில் நின்றாள். சபையில் யாரோ பொம்மை என்று கூப்பிட்டான். அந்த ஊரில் நாடகம் நடந்த ஒரு மாதமும் அவள் எந்த வேஷத்தில் வந்தாலும் பொம்மை என்றுதான் கூப்பிட்டார்கள். அப்புறம் ஒரு நாளும் மேடையில் அவள் பாடாமல் நின்றதில்லை.

"ஒங்க அப்பா ஒன் சத்தத்தக் கேக்க வர்றாரு தம்பி. என் மூஞ்சியப் பாக்க வரல. நான் நின்னா என்ன, போனா என்ன?"

"நீங்க நின்னாதான்க்கா அவங்க உக்காருவாங்க."

"அதுக்கு நான் பொம்மையா நிக்கணுமா? வேணாம் தம்பி. வேற என்ன வேணாலும் கேளு."

அவன் வேறு என்ன கேட்பான்? வீட்டுக்கு வந்து டிரங்குப் பெட்டியில் சட்டைகளை மடித்து வைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணிக்கே லோரி வந்துவிட்டது. இந்த முறை பன்னிரண்டு பேர்தான். ஊமை வாத்தியத்தை இரண்டாம் தடவை பார்க்க யாருக்குப் பைத்தியம்? காளியப்பன் வெள்ளை வேட்டி, துவைத்த சட்டையோடு முன் பெஞ்சில், சரியாக மகனுக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். பெட்டியைக் கட்டுவதற்குக் கயிறுகூடக் கொண்டுவந்திருந்தார். முதல் நாலு பாட்டும் டிரம்பெட் பாட்டு. காளியப்பன் மகனுடைய கையையே பார்த்தார். கை அசைந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

ஐந்தாவது பாட்டுக்குப் பிலிப்பைன்காரர் டிரம்பெட்டைத் துடைத்துக் கீழே வைத்தார். சந்திரமதி முன்னால் வந்து இடுப்பில் கை வைத்தாள். செருப்பு எங்கே மச்சானே? முதல் அடியிலேயே பெஞ்சுகள் குலுங்கின. ஆடும் தளத்தில் இருபது ஜோடிகள். ஆற்றுக் காற்றில் காகிதத் தோரணம் படபடத்தது. இரண்டாவது அடி முடிந்தது.

தங்கராஜு ஆரம்பித்தான். கட்டை விரல் நடந்தது, மேல் விரல்கள் கிளம்பின. சந்திரமதி வழக்கம்போலத் திரும்பிச் சோடாவைப் பார்த்து ஓர் அடி வைத்தாள். அவ்வளவுதான், பெஞ்சுகள் கிறீச்சிட்டன. மண்டோரின் பெண்சாதி எழுந்து புடவையை உதறினாள். பின்னால் யாரோ கோழிக்கு வந்த சீக்கைப் பற்றி ஆரம்பித்துவிட்டார்கள். நாலு தட்டு போயிற்று. எட்டு போயிற்று.

அடுத்த அடியை வைப்பதற்கு முன் சந்திரமதி முன் பெஞ்சைப் பார்த்துவிட்டாள். எல்லோரும் எழுந்துகொண்டிருக்கும்போது ஒரு கிழவர் மட்டும் எழவில்லை. பெஞ்சின் நுனிக்கு வந்து, உடம்பை முன்னால் வளைத்து, காதுக்குப் பின்னால் கையைக் குவித்து வைத்துக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. அவருக்கும் கித்தாருக்கும் நடுவில் நாலு பேர் நின்று பேசினார்கள். அவர் அவர்கள் இடுப்புக்கு நடுவே மகனைத் தேடினார்.

அவளால் அதற்கு மேல் கால் எடுக்க முடியவில்லை. உள்ளேயும் போக முடியாது, வாயை மூடிக்கொண்டு நிற்கவும் முடியாது. சட்டென்று திரும்பினாள். சபைக்கு முதுகைக் காட்டி, கடைசி நாற்காலியில் இருக்கிறவனுக்கு முன்னால் போய் நின்று, விரலை நீட்டி அவனையே கேட்டாள்.

"செருப்பு எங்கே மச்சானே?"

எழுந்தவர்கள் நின்றார்கள். மண்டோரின் பெண்சாதி உதறிய புடவையோடு அப்படியே திரும்பினாள். பெண்டாட்டி கேட்டுவிட்டாள், புருஷன் என்ன பதில் சொல்லப்போகிறான்? கோழிச் சீக்கு பாதியில் நின்றது. அந்தப் பூங்கா திறந்த நாளிலிருந்து அப்படி ஓர் அமைதி அங்கே இருந்ததில்லை.

தங்கராஜு விழித்தான். ஐந்து வாரம் யோசித்து வைத்திருந்தது எல்லாம் மறந்துபோயிற்று. கட்டை விரல் மட்டும் நடந்துகொண்டிருந்தது. அவன் மேல் கம்பியில் தயங்கித் தயங்கி இரண்டு சுரம் வைத்தான், அசடு வழிகிற மாதிரி. ஒரு பெண் சிரித்தாள்.

அவ்வளவு போதும் அவனுக்கு. அடுத்ததில் ஒரு சாக்குச் சொன்னான். அது பொய் என்று எல்லோருக்கும் புரிந்தது, ஏனென்றால் நடுவில் ஓர் இடத்தில் வழுக்கிவிட்டான். சந்திரமதி முகவாயில் விரலை வைத்து, "சிரிச்சு மழுப்ப வேணாமே" என்றாள். அவன் இன்னும் பெரிய பொய்யாக ஒன்று சொன்னான். கீழிருந்து மேல் வரைக்கும் ஓடி, ஆற்றில் விழுந்து, செருப்பு மிதந்து போய், அக்கரை சேர்ந்து, முதலை ஒன்று அதை மாட்டிக்கொண்டு நடந்த கதை முழுவதும் அதில் இருந்தது என்று மண்டோரின் பெண்சாதி பிற்பாடு சத்தியம் செய்தாள். பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஆடுகிறவர்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு மேடையோரம் வந்து குவிந்தார்கள்.

முப்பத்திரண்டு தட்டு எப்போதோ தாண்டிவிட்டது. சூலோங் வயலினைத் தோளில் வைத்து வில்லைத் தூக்கினார். சந்திரமதி அவர் பக்கம் திரும்பாமலே உள்ளங்கையைக் காட்டினாள். தூக்கிய வில் தூக்கியபடி நின்றது.

தங்கராஜுவுக்கு இப்போது ஐந்து விரலும் மேலே போகத் துடித்தன. கட்டை விரலை விட்டால் தரை போய்விடும், விடாவிட்டால் அந்த உயரத்துக்குப் போக முடியாது. அவன் முகத்தைப் பார்த்தே அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். ஒரு அடி கிட்டே வந்து, அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"நீ போயிட்டு வா தம்பி. நான் இங்கயே நிக்கிறேன்."

சொல்லிவிட்டு, கொட்டகையே அதிரப் பாடுகிற அந்தத் தொண்டையை ஒரு தம்பூரா அளவுக்கு அடக்கிக்கொண்டு, ஒரே சுரத்தைப் பிடித்தாள். சா. வேறு ஒன்றும் இல்லை. கையை ஆட்டவில்லை, கண்ணைச் சுழற்றவில்லை. நடுமேடையில் அசையாமல் நின்று, ஆர்மோனியப் பெட்டி செய்கிற வேலையை அவள் செய்தாள். இருபது வருஷம் எல்லோரையும் தனக்குப் பின்னால் வாசிக்க வைத்தவள். அவள் கண் அவன் கையில் இருந்தது. அவள் பார்த்த இடத்தைச் சபை முழுவதும் பார்த்தது. யாரும் பொம்மை என்று கூப்பிடவில்லை.

அவன் போனான். கட்டை விரலையும் சேர்த்துக்கொண்டு போனான். அன்றைக்கு என்ன வாசித்தான் என்று பிறகு எத்தனையோ பேர் கேட்டார்கள், அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. சந்தோஷத்தில் தலை கிறுகிறுத்தது என்று மட்டும் சொல்வான். திருவிழா ராட்டினத்தில் உச்சிக்குப் போனவனைப் போல, இறங்கவும் மனமில்லாமல், கத்தவும் தெரியாமல் இருந்ததாம். ஒவ்வொரு தடவை கீழே வந்தபோதும் அந்தச் சா அங்கேயே இருந்தது. அதன் மேல் காலை வைத்து மறுபடி எம்பினான். சூலோங் தன்னை மறந்து வில்லால் தொடையில் தாளம் போட்டார். கடைசியில் அவன் இறங்கி வந்து சக் சக்கில் சேர்ந்ததும், சந்திரமதி ஒரு மயிரிழை பிசகாமல் மூன்றாவது அடியை எடுத்தாள். அந்த அடியில் பெண்டாட்டி புருஷனை மன்னித்து உள்ளே விடுவாள். அந்த ஒரு பாட்டை நாலு தடவை திரும்பப் பாடச் சொன்னார்கள். நாலு தடவையும் நாலு விதமாகப் பொய் சொன்னது கித்தார்.

அடுத்த வாரத்திலிருந்து தட்டு எண்ணுவதைச் சூலோங் விட்டுவிட்டார். ஜப்பான்காரன் வரும்வரை மூவாரில் ஞாயிற்றுக்கிழமை என்றால் அந்தப் பாட்டுத்தான். ஆனால் அன்று சாயங்காலம் தங்கராஜுவுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? மேடையை விட்டு இறங்கும்போது முன் பெஞ்சு காலியாக இருந்தது. சபை கேட்டது நிச்சயம். கேட்க வேண்டியவர் காதில் விழுந்ததா? அவர் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாரே. அவன் கூட்டத்தை இடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினான்.

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. லோரியில் எல்லோரும் ஏறியிருந்தார்கள். காளியப்பன் பின்பலகை ஓரமாகக் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தங்கராஜு பலகையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான்.

"அப்பா, காதுல விழுந்துச்சா?"

காளியப்பன் அவனைப் பார்த்தார். பிறகு அவன் பிடித்திருந்த கையைப் பார்த்தார். கம்பி அறுத்து நடு விரலில் ரத்தம் கசிந்திருந்தது. தன் தோள் துண்டின் ஓரத்தைக் கிழித்து அந்த விரலைச் சுற்றிக் கட்டினார். கட்டி முடித்து, அவன் கையைப் பலகையிலிருந்து எடுத்துவிட்டார்.

"ஏறாதடா. எடமில்ல" என்றார்.

பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்த லோரியில் இன்னும் பத்துப் பேர் காலை நீட்டிப் படுக்கலாம். யாரும் அதைச் சொல்லவில்லை. டிரைவர் கிளப்பினார். லோரி ஆற்றங்கரைச் சாலையில் திரும்பும்போது மண்டோரின் பெண்சாதி, செருப்பு எங்கே மச்சானே என்று எடுத்தாள். மற்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். அவர்கள் நிறுத்திய இடத்தில், வாயாலேயே கித்தார் மாதிரி, வழுக்கி வழுக்கி ஒரு குரல் பதில் சொன்னது. வீட்டில் ஒரு நாளும் பாட்டென்று வாயைத் திறக்காத காளியப்பனுடைய குரல்.

லோரி ஓடைப் பாலத்தைத் தாண்டும்வரை தங்கராஜு அங்கேயே நின்று கேட்டான்.